ரசம் என்றொரு சொல்

அந்தப் பெண் மைக்கில் அந்தச் சொல்லைச் சொன்னதும் அரங்கம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. பக்கத்து நாற்காலியில் இருந்த தாடிக்காரர், முப்பது வயது இருக்கலாம், என் முகத்தைப் பார்த்துவிட்டு, பாவம் புரியவில்லை போல என்று நினைத்திருக்க வேண்டும், என் பக்கம் சாய்ந்து, "ரசம்னா ஒண்ணுமில்லைங்க ஆன்ட்டி, நல்ல சயின்ஸ் ஃபிக்ஷன் கதை போய்க்கிட்டிருக்கும்போது நடுவுல அம்மா சென்டிமென்ட், அழுகாச்சி, சமையக்கட்டுன்னு எதையாவது கொண்டாந்து ஊத்திக் கெடுக்கிறது. அதுக்குப் பேரு ரசம் வைக்கிறது" என்று விளக்கமும் சொன்னார். எனக்கு. எனக்கு விளக்கம் சொல்கிறார். நான் தலையாட்டினேன். ஏன் தலையாட்டினேன்? தலையாட்டித் தலையாட்டித்தானே இந்த நிலைமை. ஆமாம் தம்பி, தெரியும் தம்பி, அந்த ரசத்தை வைத்ததே நான்தான் என்று சொல்லியிருக்கலாம். வாயில் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை, தில்லைநகரில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடி, நேற்று யாருக்கோ நிச்சயம் நடந்திருக்கிறது, மேடைக்குப் பின்னால் பாதி வாடின சாமந்திச் சரம் இன்னும் தொங்குகிறது, அதற்கு மேலே எங்கள் பழைய பத்திரிகையின் பெயரில் பேனர்: 'நெப்டியூன் தபால்: நாற்பதாம் ஆண்டு. சொல்லகராதி வெளியீடு.' மேடையில் மூன்று பேர். மைக் பிடித்திருப்பவள் ஷிபானா, அகராதியைத் தொகுத்தவள், கணினி வேலை பார்க்கிறாளாம், அறிவியல் கதைகளுக்கென்றே இணையத்தில் பத்திரிகை நடத்துகிறாளாம், கெட்டிக்காரிதான், பார்த்தாலே தெரிகிறது. நடுவில் ஏதோ கல்லூரிப் பேராசிரியர். வலது ஓரத்தில், கழுத்தில் சால்வையோடு, தியாகேசன். அண்டன் என்ற பெயரில் எழுதிய தியாகேசன். தலை முழுக்க வழுக்கை. கால்மேல் கால் போட்டு மேல்காலை ஆட்டுவது மட்டும் மாறவில்லை. அந்தக் கால் ஆட ஆரம்பித்தால் யாரையோ நக்கல் பண்ணப் போகிறார் என்று அர்த்தம், எங்கள் ஆறு பேருக்கும் தெரியும், அந்த ஆறு பேரில் ஐந்து பேர் ஆண்கள், ஒருத்தி நான், அமலோற்பவம், பாலக்கரை, பி.எஸ்சி. இயற்பியல், தமிழ்த் தட்டச்சு ஹையர். ஆண்கள் ஐந்து பேருடைய பெயரும் அந்தப் பேனரில் இருக்கிறது.

சொற்கள் நன்றாகத்தான் இருந்தன, அதை மறுக்க மாட்டேன், அந்தச் சொற்களுக்காகத்தான் ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து முக்காட்டைக்கூட மடிக்காமல் தியாகேசன் வீட்டு மாடிக்கு ஓடினேன். அறிவியல் கதை படிக்காத உலகம் முழுவதும் எங்களுக்கு மண்ணாந்தை. அப்பா மண்ணாந்தை, பிரின்சிபால் சிஸ்டர் மண்ணாந்தை, பஸ் கண்டக்டர் மண்ணாந்தை. கல்யாணமோ உத்தியோகமோ வந்து குழுவை விட்டுப் போனவன் 'சுற்றுப்பாதைக்குப் போயிட்டான்', ஒரே வீட்டை ஒரே வேகத்தில் சுற்றிக்கொண்டிருப்பான், இறங்கவும் மாட்டான், தப்பிக்கவும் மாட்டான். இதழ் தாமதமானால் 'ராக்கெட் பஞ்சர்'. பத்திரிகை வந்த அன்றைக்கே ஆசிரியருக்கு எட்டுப் பக்கம் கடிதம் எழுதினால் 'தபால் வெறி'. எனக்கு அந்த வெறி இருந்தது. அப்படித்தான் உள்ளே வந்தேன், தெப்பக்குளத்துப் பழைய புத்தகக் கடையில் கிடைத்த ஓர் இதழைப் படித்துவிட்டு எட்டுப் பக்கம் எழுதினேன், பதிலுக்குத் தியாகேசன் ஓர் அஞ்சலட்டை போட்டார், 'தோழரே வருக' என்று. பொம்பளை என்று தெரியாமல் போட்டது. நேரில் போய் நின்றதும் முகத்தில் ஓர் அசடு வழிந்தது, உடனே சமாளித்துக்கொண்டு, "டைப்பிங் தெரியுமா?" என்று கேட்டார். முதல் கேள்வி அது. எந்தக் கதை பிடிக்கும் என்று கேட்கவில்லை. தெரியும் என்றேன், பெருமையாக வேறு. அன்றைக்கே என் இடம் முடிவாகிவிட்டது. எனக்கு அது புரியவில்லை, புரிந்தாலும் போயிருப்பேன், ஏனென்றால் அந்த மாடியில் வால் நட்சத்திரத்தைப் பற்றிப் பேசினார்கள், காலம் வளையுமா என்று சண்டை போட்டார்கள், டீ ஆறிப்போகும்வரை சண்டை போட்டார்கள். எங்கள் வீட்டில் காலத்தைப் பற்றிப் பேசுவதென்றால் அப்பாவுக்குப் பொன்மலை ரயில் பட்டறையில் ஷிஃப்ட் எப்போது என்பதுதான். பத்திரிகையை உருட்டிப் படியெடுக்கிற சைக்ளோஸ்டைல் மை வாசனை. அது விரல் இடுக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும், சோற்றைப் பிசைந்தால் சோற்றில் வரும், அம்மா கையைப் பிடித்து முகர்ந்துவிட்டு, "என்னடி இது, ரயில் எஞ்சின் நாத்தம்" என்பாள். திட்ட மாட்டாள். எலுமிச்சம்பழத் தோலை எடுத்துக் கொடுப்பாள், தேய்க்கச் சொல்லி.

அம்மா. வேண்டாம், இப்போது அம்மாவை நினைக்கக் கூடாது, இந்த அரங்கில், இந்த விளக்கு வெளிச்சத்தில், தாடிக்காரர் பக்கத்தில் இருக்கும்போது. கண் கலங்கினால் முடிந்தது. கலங்கினால் அதுவும் ரசம். இதுதான் அந்தச் சொல் எனக்குச் செய்த வேலை, அகராதியில் இதை எழுதியிருக்கிறார்களா? அப்பாவின் சவப்பெட்டியை மூடும்போது தொண்டை வரைக்கும் வந்த அழுகையைப் பார்த்து எனக்குள்ளேயே ஒரு குரல், தியாகேசனுடைய குரல், ரசம் வைக்காதே அமலா என்றது. தங்கச்சி என்னைப் பிடித்து உலுக்கினாள், "அக்கா அழுதுடு, அழுதுடு" என்று. கல் மாதிரி நின்றேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் என்னைக் கல்லு டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள், என் காது படவே. கல்லு டீச்சர். ஊசலுக்கு அலைவு நேரம் எடுக்கச் சொல்லிக் கொடுக்கும்போது மட்டும் அந்தப் பக்கம் நிற்க மாட்டேன், குண்டு ஆடுவதைப் பார்க்க முடியாது. அம்மா செத்துக்கொண்டிருந்தபோது நான் அதைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். கல்லூரியில் செய்முறைத் தேர்வு. சித்தப்பா சைக்கிளில் வந்து கேட்டில் நின்றிருக்கிறார், பரீட்சை முடியாமல் உள்ளே விட முடியாது என்று வாட்ச்மேன் சொல்லிவிட்டான், சித்தப்பாவும் பாவம், பரீட்சை கெட்டுப்போகுமே என்று பொறுத்து நின்றிருக்கிறார், வெயிலில். நான் உள்ளே குண்டு வந்து போவதை எண்ணுகிறேன். எண்ணி முடித்து, கணக்குப் போட்டு, விடை சரியாக வந்தது என்று சிரித்துக்கொண்டே வெளியே வந்தேன். சிரித்துக்கொண்டு. நான் சிரித்த நேரத்தில் பூமியில் அம்மா இல்லை, எனக்குத்தான் செய்தி வந்து சேரவில்லை.

அதைத்தான் கதையாக எழுதினேன். வேறு எதை எழுதுவேன்? நெப்டியூனுக்குப் போகிற கப்பல், ஆறு பேர், அதில் ஒருத்தி. பூமியிலிருந்து ஒரு சேதி அங்கே வர நாலு மணி நேரம் ஆகும், வெளிச்சத்தின் வேகமே அவ்வளவுதான், அதற்கு மேல் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. அம்மா சாகக் கிடக்கிறாள் என்று சேதி வருகிறது. அது வரும்போதே அம்மா செத்தாகிவிட்டது. அவள் பதில் அனுப்புகிறாள், அம்மாவின் காதில் சொல்லுங்கள் என்று. அது போய்ச் சேர இன்னொரு நாலு மணி நேரம். கப்பலில் எல்லோரும் அவளைச் சுற்றி நிற்கிறார்கள். அவள் எழுந்து போய், பொட்டலத்தில் இருந்த புளியையும் மிளகையும் எடுத்து ரசம் வைக்கிறாள். எடை இல்லாத இடம். ரசம் பாத்திரத்தில் நிற்காது, உருண்டை உருண்டையாகக் கிளம்பிவிடும், விளக்கு வெளிச்சத்தில் சிவப்பாக மினுங்கிக்கொண்டு அறை முழுக்க மிதக்கும். ஆறு பேரும் மிதந்து மிதந்து வாயைத் திறந்து அதைப் பிடிக்கிறார்கள். யாரும் பேசவில்லை. அவ்வளவுதான் கதை. எழுதி முடித்தபோது என் கை சூடாக இருந்தது. இப்போதும் சொல்கிறேன், நல்ல கதை. இங்கே யார் எழுந்து இல்லையென்று சொன்னாலும் நல்ல கதை. தியாகேசன் படித்துவிட்டுக் காலை ஆட்டினார். "பொம்பளை பேர்ல போட்டா வாசகர் கடிதம் வராது, வரன்தான் வரும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அமலோற்பவத்தின் வாலை மட்டும் வெட்டி 'பவன்' என்று பெயர் வைத்தார். பவன். ஓட்டல் பெயர் மாதிரி. சரி, கதை வந்தால் போதும் என்று இருந்தேன். அந்தக் கதையையும் நானே அடித்தேன், நானே மை தடவினேன், நானே மடித்து ஸ்டாம்பு ஒட்டினேன். அம்மா செத்ததைக் குழுவில் யாரிடமும் சொல்லவில்லை. மண்ணாந்தைச் சமாச்சாரம் அந்த மாடிக்கு வரக்கூடாது, அதுதான் சட்டம், சட்டத்தை மதித்தேன்.

அடுத்த இதழுக்குக் கடிதங்கள் பகுதியை எடுத்துக்கொண்டு தியாகேசன் டைப் இன்ஸ்டிடியூட்டுக்கே வந்தார். அங்கேதான் சாயங்காலம் வகுப்பு முடிந்தபிறகு மெஷின் கிடைக்கும். ஆறு தாள், அவருடைய கையெழுத்து. "கொஞ்சம் காரமா இருக்கும். பெர்சனலா எடுத்துக்காதே" என்றார். போய்விட்டார். ஸ்டென்சில் என்றால் மெழுகு பூசின மெல்லிய தாள், ரிப்பனைத் தள்ளிவிட்டு வெறும் எழுத்தால் அடிக்க வேண்டும், எழுத்து தாளை வெட்டும், வெட்டின இடம் வழியாக மை இறங்கும். அழுத்தி அடித்தால் புள்ளியெல்லாம் ஓட்டையாகிவிடும், அச்சில் மைப்பொட்டு விழும். மெதுவாக அடித்தால் எழுத்தே வராது. நான் அளவாக அடிப்பேன், என் ஸ்டென்சிலில் ஓட்டை விழுந்ததே கிடையாது. முதல் கடிதத்தில் யாரோ கும்பகோணம் வாசகர், பவன் என்பவர் விண்கலத்தை மெஸ் என்று நினைத்துவிட்டார் என்று எழுதியிருந்தார். அதை அடித்தேன். இரண்டாவது கடிதம், அடுத்த தடவை அப்பளமும் மிதக்கட்டும் என்று. அதையும் அடித்தேன். கடைசியில் ஆசிரியர் குறிப்பு. 'இனிமேல் நம் அகராதியில் ஒரு புதுச்சொல். விண்வெளிக்குப் போன கதை திரும்பி அடுப்படிக்கு வந்தால், அம்மா அம்மா என்று அழுதால், அதற்குப் பெயர் ரசம். நண்பர்களே, யாரும் ரசம் வைக்காதீர்கள். அண்டன்.' அடித்தேன். ர. ச. ம். புள்ளி ஓட்டையாகவில்லை. இன்ஸ்டிடியூட் முழுக்க யாரும் இல்லை, ஃபேனை நிறுத்தியிருந்தார்கள், ஸ்டென்சில் பறக்கும் என்பதால். நெற்றி வேர்வை மூக்கு நுனியில் வந்து நின்றது, துடைத்துக்கொண்டு அடித்தேன். ஒரு பிழை வந்தது, 'அடுப்படி'யில், சிவப்புத் திரவத்தைத் தொட்டுத் தடவி, ஊதி, காயவைத்து, சரியாக அடித்தேன். நகப்பூச்சு வாசனை அடிக்கும் அது. நான் நகத்துக்குப் பூச்சு போட்டவளில்லை, அந்த வாசனை தெரிந்ததெல்லாம் இப்படித்தான். கிழித்துப் போட்டிருக்கலாம். ஏன் கிழிக்கவில்லை என்று என்னையே கேட்டுக் கேட்டு, அந்தக் கேள்வியே எனக்கு அலுத்துவிட்டது. இன்றைக்கு வேறு கேள்வி. இருபத்தோரு வயதுப் பெண்ணிடம் அவளுடைய கதையைக் கிழித்துத் தோரணம் கட்டி, அந்தத் தோரணத்தை அவளையே அடிக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டு, பெர்சனலா எடுத்துக்காதே என்று சொல்லிப் போக ஒருத்தனுக்கு எப்படி முடிந்தது? அவன் என்னை அவமானப்படுத்த நினைத்திருந்தால்கூடப் பரவாயில்லை. நினைக்கவே இல்லை. டைப் அடிப்பவள், அடிப்பாள், அவ்வளவுதான்.

அதோடு போவதை நிறுத்தினேன். ஒருத்தரும் வந்து கேட்கவில்லை. அதற்கடுத்த இதழ் தபாலில் வந்தது, வேறு யாரோ அடித்தது, புள்ளிக்குப் புள்ளி மைப்பொட்டு, கடைசிப் பக்கத்தில் ஒரு வரி: 'நமது தட்டச்சுத் தோழி அமலா சுற்றுப்பாதைக்குப் போய்விட்டார்.' எனக்குக் கல்யாணம் ஆகவே அதற்கப்புறம் பல வருஷம் இருந்தது. அப்பாவிடம் யாரோ காட்டி, "யாரோட போயிட்டா?" என்று கேட்டு, வீட்டில் ஒரு வாரம் பூகம்பம். பிறகு பி.எட்., பள்ளிக்கூடம், லூர்துசாமி, இரண்டு பிள்ளைகள், சரி, சுற்றுப்பாதைதான், இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் முதல் வரியிலேயே அந்தச் சொல் வந்து நிற்கும். ஒரு நல்ல வரி வந்தால் உடனே சந்தேகம், இது ரசமோ? சூடாக ஏதாவது வந்தால் உடனே கை நிற்கும். சூடில்லாமல் எழுதிப் பார்த்தேன், பாடப்புத்தகம் மாதிரி வந்தது. விட்டுவிட்டேன். அந்தப் பத்திரிகையும் சீக்கிரம் நின்றுபோனது என்று கேள்விப்பட்டு, சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்குக் கேசரி கிண்டினேன். செத்துப்போச்சு, சொல்லும் அதோடு செத்துப்போச்சு என்று நினைத்தேன். சாகவில்லை. தியாகேசன் பெரிய பத்திரிகைகளில் கட்டுரை எழுதினார், அதில் அந்தச் சொல்லைப் போட்டார், படித்தவன் எடுத்துக்கொண்டான், அவனிடமிருந்து அடுத்தவன். போன மாதம் என் மகன் அனுப்பிய ஒரு சினிமா விமர்சன வீடியோவை ஹாலில் உட்கார்ந்து பார்க்கிறேன், கீழே முகம் தெரியாத எவனோ எழுதியிருக்கிறான், 'கிளைமாக்ஸ்ல ரசம் வச்சுட்டானுங்க'. அதற்கு நூற்றுக்கணக்கில் கைதட்டல். போனைக் கவிழ்த்து வைத்தேன். லூர்துசாமி, "என்னம்மா, யாரு செத்தா?" என்றார். என் வீட்டுக்குள்ளேயே, என் கண் முன்னால், என் அம்மாவுக்காக நான் வைத்த ரசம், நாற்பது வருஷமாக ஊரெல்லாம் எச்சில் பட்டுக்கொண்டிருக்கிறது.

இப்போது ஷிபானா திரையில் படம் காட்டுகிறாள். பழைய இதழின் பக்கம், சுவர் அளவுக்குப் பெரிதாக. கடிதங்கள் பகுதி. என் எழுத்து. அந்த மெஷினில் 'ச'வின் கால் கொஞ்சம் தேய்ந்திருக்கும், பெரிதாக்கினதில் நன்றாகத் தெரிகிறது, 'அடுப்படி'யின் மேல் சிவப்புத் திரவம் தடவின தடம்கூட லேசாகத் தெரிகிறது. "எவ்வளவு நேர்த்தியான தட்டச்சு பாருங்க" என்கிறாள் ஷிபானா, "இதெல்லாம் யார் அடிச்சாங்க சார்?" தியாகேசன் நாற்காலியில் பின்னால் சாய்ந்து, விரலைச் சொடுக்குகிறார், நெற்றியைத் தடவுகிறார். "ஒரு பொண்ணு வந்துக்கிட்டிருந்தது... பாலக்கரைப் பக்கம். பேரு ஏதோ... அமலியோ விமலியோ. நல்லா அடிக்கும். அப்புறம் கல்யாணம் ஆகிப் போயிடுச்சு." "அப்போ இந்தப் பவன் சார்?" "ஓ, பவனா? ஒரே கதைதான் எழுதினார். நாங்க ஓட்டின ஓட்டுல ஆள் எஸ்கேப்." சிரிப்பு. தாடிக்காரர் கைதட்டிச் சிரிக்கிறார். நடிக்கிறாரா என்று தியாகேசன் முகத்தையே பார்த்தேன். இல்லை. நிஜமாகவே மறந்துவிட்டார். என் நெஞ்சில் இத்தனை வருஷம் உட்கார்ந்து என்னை அழவிடாமல் அதட்டின மனிதர், என் பெயரைக்கூட நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. அமலியோ விமலியோ. பேராசிரியர் மைக்கை வாங்குகிறார், நம் முன்னோர்கள் ஒன்பது ரசம் சொன்னார்கள், இந்த நண்பர்கள் பத்தாவது ரசத்தைக் கண்டுபிடித்திருக்கிறார்கள், மிளகு ரசம் என்கிறார், இன்னும் பெரிய சிரிப்பு. எழுந்து போய்விடலாம். கதவு பக்கத்தில்தான் இருக்கிறது, செருப்பு வாசலில், ஆட்டோ கிடைக்கும், லூர்துசாமியிடம் கல்யாணத்துக்குப் போவதாகச் சொல்லியிருக்கிறேன், சாப்பாடு நன்றாக இருந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். பேசினால் குரல் உடையும். உடைந்தால், பாருங்கள், ரசம், நேரடி ஒளிபரப்பு. அதுதான் பயம். அடிப்பார்கள் என்று பயமில்லை, சிரிப்பார்கள் என்றுகூட இல்லை, நான் அழுதுவிடுவேன், அழுதால் அவர்கள் சொன்னது சரியாகிவிடும்.

"கடைசியா ஒரே ஒரு கேள்வி" என்றாள் ஷிபானா. முன்வரிசையில் யாரோ கையைத் தூக்கினார்கள். நான் எழுந்துவிட்டேன். எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை, கைப்பை மடியிலிருந்து விழுந்து தாடிக்காரர் காலில் பட்டது, அவர் எடுத்துக் கொடுத்தார், அதை வாங்காமல் நின்றேன். ஷிபானாவே மேடையிலிருந்து இறங்கி மைக்கைக் கொண்டுவந்து, "சொல்லுங்கம்மா" என்று என் கையில் கொடுத்தாள்.

"என் பேரு அமலோற்பவம்." என் குரல் ஒலிபெருக்கியில் வந்து எனக்கே அந்நியமாகக் கேட்டது. "இந்தப் பக்கத்தை அடிச்சது நான். பவன்ங்கிற பேர்ல அந்தக் கதையை எழுதினதும் நான்தான்."

தியாகேசன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். கால் ஆட்டம் நின்றது. பிறகு முகம் மலர்ந்தது, உண்மையாகவே மலர்ந்தது, அதுதான் கொடுமை. "அமலா! அடடே, அமலாவா! பவன் நீதானே... ஆமா ஆமா, நான்தானே பேரு வச்சேன்! மேல வாங்க, மேல வாங்க!" எழுந்தே நின்றுவிட்டார். கூட்டத்தைப் பார்த்துக் கையை விரித்தார். "பாத்தீங்களா, இவ்வளவு நேரம் ரசம் ரசம்னு பேசினோம், ரசமே நேர்ல வந்துடுச்சு!"

சிரிப்பும் கைதட்டலும் சேர்ந்து வந்தன. பின்னால் இருப்பவர்கள் எழுந்து என்னைப் பார்த்தார்கள், நாலைந்து போன்கள் என் பக்கம் திரும்பின. யாரோ சால்வை எடுக்க ஓடினார்கள். இவர்களுக்கு நான் கிடைத்துவிட்டேன், நல்ல முடிவு, கலகலப்பான முடிவு, மதியச் சாப்பாட்டுக்குப் போகிற வழியில் பேச ஒரு விஷயம்.

"பழைய கோபமெல்லாம் ஒண்ணும் இல்லியே, அமலா?" என்றார் தியாகேசன், சிரித்துக்கொண்டு.

எல்லோரும் சிரித்த முகத்தோடு என் வாயைப் பார்த்தார்கள். இல்லை என்று ஒரு சொல், ஐயோ அதெல்லாம் ஒன்றுமில்லை சார், ஜாலியான நாட்கள் சார், அவ்வளவு போதும், சால்வையைப் போட்டுவிடுவார்கள். அந்த ஒரு கணத்தில் என்னென்னவோ வந்தது. அம்மா செத்ததைச் சொல்லிவிடலாமா என்று வந்தது. சொன்னால் இந்த மண்டபமே அச்சச்சோ என்று ஆகிவிடும், தியாகேசன் கண்ணைத் துடைத்துக்கொள்வார், தாடிக்காரர் என் தோளைத் தொடுவார், நல்ல கதைக்கு நியாயம் கேட்டு நிற்பவள் போய், பாவப்பட்ட பொம்பளை ஒருத்தி நிற்பாள். மாட்டேன். அம்மாவை இவர்களுக்குக் கொடுக்க மாட்டேன். அந்தக் கதை நல்ல கதை, அதற்கு அம்மாவின் சாவு சாட்சி சொல்ல வேண்டியதில்லை.

"இருக்கு" என்றேன்.

அவருக்குக் கேட்டதா இல்லையா என்று தெரியவில்லை. சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றது. "என்னம்மா?"

"கோபம் இருக்கான்னு கேட்டீங்க. இருக்கு."

"நாப்பது வருஷம் ஆச்சேம்மா."

"ஆமா. நாப்பது வருஷமா இருக்கு."

ஒரு கைதட்டல் எங்கேயோ கிளம்பி, துணைக்கு ஆளில்லாமல் நின்றுவிட்டது. பேராசிரியர் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார். சால்வையை எடுத்து வந்தவர் பாதி வழியில் அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றார். என் கண்ணில் நீர் வந்துவிட்டது. வந்தால் வரட்டும். கோபத்தில் வருகிற நீர் வேறு, கொதிக்கும், கன்னத்தில் இறங்கும்போதே தெரிகிறது. துடைத்துக்கொள்ளவில்லை.

ஷிபானா என் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். அவள் முகம் வெளுத்துப்போயிருந்தது. மெதுவாக, மைக்கில் விழாமல், "அம்மா, எனக்குத் தெரியாது. அந்தச் சொல்லை எடுத்துடறேன்" என்றாள்.

"எடுக்காதீங்க" என்றேன், மைக்கிலேயே. "எடுத்தா நடக்கவே இல்லைன்னு ஆயிடும். அது எப்படி வந்துச்சுன்னு எழுதுங்க. யாரு கதை, அதுல என்ன இருந்துச்சு, யாரு சிரிச்சாங்க, அதை யாரு கையால அடிக்க வச்சாங்க, எல்லாத்தையும். நான் சொல்றேன், நீங்க எழுதிக்குங்க."

அவள் கையிலிருந்த அகராதியின் பின்பக்கத்தைத் திருப்பி, பேனாவைத் திறந்தாள்.

"அமலா, இதெல்லாம் அப்புறம் தனியா உட்கார்ந்து பேசிக்கலாமே" என்றார் தியாகேசன். "எல்லாரும் பசியோட இருக்காங்க." மேடையை விட்டு இறங்கி நடந்து வந்தார், பழைய உரிமையோடு, பழைய சிரிப்பைத் தேடிப் பிடித்து முகத்தில் மாட்டிக்கொண்டு. என் எதிரே வந்து நின்று, மைக்குக்காகக் கையை நீட்டினார்.

கொடுக்கவில்லை.

"நெப்டியூனுக்கு ஒரு கப்பல் போகுது" என்று ஆரம்பித்தேன்.